ரௌட்டர் நிர்வாகத்தில் முதற் பாடம்

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும்போது, ஒவ்வொரு செய்தித் துண்டும் எவ்வழியே செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் சாதனம் ரௌட்டர் ஆகும். அதனை நடத்தும் மென்பொருளை வலையமைப்பு இயக்கமுறைமை என்பர். இத்தகைய மென்பொருள் நெடுங்காலம் பெரும்பாலும் நிறுவனங்களின் தனியுடைமையாகவே இருந்து வந்தது. இன்றோ, மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இடமளிக்கும் திறந்த மூல முறைமைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று வையோஸ். வியாட்டா நிறுவனத்தை 2012-இல் புரோகேடு நிறுவனம் வாங்கிய பின்னர், வியாட்டாவின் திறந்த பதிப்பிலிருந்து 2013-இல் இது கிளைத்தது. டெபியன் லினக்ஸ் இதற்கு அடிப்படை.

இதனைக் கற்க விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. சாதாரணக் கணிப்பொறியிலேயே மெய்நிகர் இயந்திரமாக நிறுவிப் பழகலாம். கட்டளை வரியின் முடிவில் $ என்னும் குறி தோன்றினால், சாதனத்தின் நிலையைப் பார்வையிடலாம். ‘கான்பிகர்’ என்று பணித்தவுடன் அக்குறி # என மாறும். அமைப்பைத் திருத்தும் உரிமை அப்பொழுதே கிடைக்கும்.

திருத்தும் பணி மூன்று படிகளில் நடைபெறுகிறது. ‘செட்’ கட்டளையால் எழுதுவது வெறும் வரைவே. அதனால் ரௌட்டரின் போக்கு சிறிதும் மாறாது. வரைவுக்கும் நடப்பு அமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் ‘கம்பேர்’ காட்டும். ‘கமிட்’ என்று பணித்தால் வரைவு செயலுக்கு வரும். ஆயினும் ‘சேவ்’ கட்டளையே அதனை நிலையாகப் பதிவு செய்கிறது. இக்கடைசிப் படியை மறந்தவரின் உழைப்பு, மின்சாரம் நின்று சாதனம் மீண்டும் தொடங்கும்போது வீணாகிவிடும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. தொலைவிலுள்ள ரௌட்டரை வலையமைப்பின் வழியாகவே திருத்தும் நிர்வாகி, அதன் முகவரியில் ஓர் எண்ணைப் பிழையாக எழுதிக் கமிட் செய்தால், தாம் நுழைந்த வாயிலே அடைபட்டுப் போகும். நுனிக் கிளையில் அமர்ந்து அடிமரத்தை வெட்டியவர் நிலைதான் அது. சாதனம் உள்ள ஊருக்கு எவரேனும் நேரில் சென்று சீர்செய்யும் வரை அங்குள்ள அலுவல்கள் யாவும் தடைப்படும்.

இதற்கெனவே ‘கமிட்-கன்பர்ம்’ என்னும் கட்டளை அமைந்துள்ளது. இது மாற்றத்தைக் குறித்த சில நிமிடங்களுக்கு மட்டும் செயற்படுத்துகிறது. அந்நேரத்திற்குள் ‘கன்பர்ம்’ என்று உறுதி செய்தால் மாற்றம் நிலைக்கும். தொடர்பு அறுந்த நிர்வாகியால் உறுதி செய்ய இயலாதாகையால், கெடு முடிந்ததும் ரௌட்டர் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். உறுதி செய்த பின்னரும் ‘சேவ்’ செய்தல் அவசியம்.

பயில்வோர் தம் மெய்நிகர் ரௌட்டரில் வேண்டுமென்றே தவறான முகவரியை இம்முறையில் இட்டு, அறுந்த தொடர்பு மீள்வதை ஒருமுறை நேரில் கண்டறிதல் நலம். பிறர் நம்பியிருக்கும் வலையமைப்பைத் தொடுவதற்கு முன் பெறவேண்டிய அனுபவம் அது.