வலையைச் சுற்றி உட்காரும் வீடு

பட்டினப்பாக்கத்துக் குடும்பம் ஒன்று எப்படி வாழ்கிறது என்று பார்க்க வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. காலையில் கடலோர லூப் ரோட்டுக்குப் போனால் போதும். நண்டு வலை கரையேறியிருக்கும். பள்ளி விடுமுறை நாளென்றால் அதைச் சுற்றி மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. கொடுக்கு நைலான் இழையைக் கவ்வினால் விடாது. அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும். கால் போன நண்டுக்கு விலை இறங்கிவிடும். முதுகுப் பக்கமாகப் பிடித்து, ஒவ்வொரு இழையாக விலக்கி எடுக்க வேண்டும். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு வேலையே இல்லை. பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

"ஆயா, நைனா சின்னப் புள்ளைல கடல்ல வுழுந்துட்டாராமே?"

"வுழுந்தானா? எவன் சொன்னான்? ஒன் தாத்தாதான் புடிச்சுத் தள்ளிவுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நீந்திக்கினு வந்தான். நீ கைய நிறுத்தாத, கால் ஒடியுது பாரு."

நைனாவும் ஒரு காலத்தில் கடலுக்குப் பயந்தவர்தான் என்பது பையனுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா காது கேட்காதவர் மாதிரி வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் 2001-ல் குழந்தைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த கெட்டது ஏதாவது தெரியுமா என்கிற மாதிரி. அதிகம் பதில் தெரிந்த குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டுக் குடும்ப வரலாற்றை மனப்பாடம் செய்யவைத்தால் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடாது. அந்த ஆய்வாளர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். பதில்களைவிட, அவை காதில் விழும்படி எல்லாரும் கூடி உட்கார்ந்த பொழுதுகள்தான் முக்கியம். நம் நகரத்து வீடுகளில் கதைக்குப் பஞ்சமில்லை. உட்காரத்தான் வேளை வாய்ப்பதில்லை.

குப்பத்தில் அந்த வேளையைக் காற்று வகுத்துக் கொடுத்தது. பாய்மரக் காலத்தில் பின்னிரவில் வீசும் கரைக்காற்றைப் பிடித்துத்தான் கட்டுமரம் உள்ளே போகும். பகலில் கடல்காற்று எழுந்தபின் திரும்பும். ஆண்கள் எழுவதும், பெண்கள் கூடையோடு கரைக்கு வருவதும், உலை ஏறுவதும் அந்தக் கணக்கில்தான். வலை அப்போது பருத்தி நூல். தினமும் காய வேண்டும், அவ்வப்போது மரப்பட்டைச் சாறு காய்ச்சித் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் இற்றுப்போகும். ஆகவே நாளில் ஒரு பகுதி குடும்பமே வலையோடு மணலில் கிடக்கும். 1960-களிலிருந்து நைலான் பரவியது, பிறகு எஞ்சின் வந்தது, சுனாமிக்குப் பின் ஃபைபர் படகு கட்டுமரத்தை ஓரம் கட்டியது. உழைப்பு குறைந்தது, கூடி உட்காரும் பொழுதும் அதோடு குறைந்தது. அதற்காகப் பழைய நாளைத் திரும்பக் கேட்பவர்கள் இங்கே யாரும் இல்லை. கேட்பவர்கள் கட்டுமரம் தள்ளிப் பார்க்காதவர்கள்.

சாப்பாட்டில் பழைய ஒழுங்கு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வஞ்சிரமும் வவ்வாலும் விற்பனைக்குப் போகும். குழம்புக்கென்று ஒதுக்குவது பெரும்பாலும் காரப்பொடி, நெத்திலி, மத்தி. மீன் விற்கும் பெண் வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். அதனால் பல வீடுகளில் காலை ஆகாரம் நேற்றுவைத்த மீன்குழம்புதான். புளி ஊறி மறுநாள் ருசி கூடும் என்பார்கள். அது ருசிக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமில்லை, விடியலில் அடுப்படியில் நிற்க ஆளில்லாததாலும் ஏற்பட்டது.

அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஊரூர்-ஆல்காட் குப்பத்துப் பாளையம் என்ற மூத்த மீனவர், காற்று, நீரோட்டம், மீன்வரத்து பற்றித் தான் அறிந்ததைச் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள் இனி ஏட்டிலும் இருக்கும். மிகவும் வேண்டிய வேலை. ஆனால் கச்சான் எது என்பதைப் பையன் ஏட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டான். "இது இன்னா காத்து தாத்தா?" என்று கேட்க, தாத்தா பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக் கதை வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களை அப்புறப்படுத்த முயன்றபோது நடந்த துப்பாக்கிச் சூடும் போன உயிர்களும் இந்தக் கரைக் குப்பங்களில் பாட்டிமார் சொல்லும் கதையில் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, கடைகள் அகற்றப்பட்டன, மீனவர்கள் சாலையை மறித்தார்கள். நாங்கள் ரோட்டுக்கு வரவில்லை, ரோடுதான் எங்கள் மணலுக்கு வந்தது என்பது அவர்கள் வாதம். வலை எங்கே காய்ந்தது, யார் கட்டுமரம் எந்த இடத்தில் நின்றது என்று கிழவிகள் சொன்னவைதான் அந்த வாதத்தின் முதுகெலும்பு. பட்டா இல்லாதவர்களுக்குப் பாட்டி கதையே ஆவணம். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு, ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் நவீன மீன் சந்தை திறக்கப்பட்டது.

வழக்கம் என்றாலே பழசு என்று நினைக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தைச் சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. அதன்பின் ஆண்டுதோறும் அந்நாளில் பாலும் பூவுமாகக் கரைக்கு வந்து கடலில் விடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த சடங்கல்ல. அலையைப் பார்த்தே இராத பிள்ளைகள் பால் சொம்பைத் தூக்கி வருகிறார்கள், வழியில் யார் யார் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே.

கரையோரக் குடும்பங்கள் பல இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபின் இந்தக் கடற்கரை கண்ட மாற்றம் அது. கூரை ஒழுகாத வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஈர வலையை மூன்றாம் மாடிக்கு ஏற்ற முடியாது. வலை கீழே, சமையல் மேலே என்று வீடு இரண்டாகப் பிரிகிறது. படிப்புக்கு மேலேயே தங்கிவிடும் பிள்ளைக்கு ஆயாவின் பாதிப் பேச்சு கேட்காமலே போகும். இனி இந்தக் கரையில் எதைக் கட்டுவதானாலும், வலை பிரிக்க எத்தனை அடி நிழல் வேண்டும் என்று முதலில் ஆயாக்களைக் கேட்கலாம். அடிக்கணக்கோடு, யார் வீட்டு வலைக்கு எந்த இடம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.