மல்லாட்டைக் கொல்லையில் 'டிக்கா' கைவரிசை! இலையைப் புரட்டினால் சிக்கும்

திண்டிவனம்,-

பஸ் நிலையத்தில் அவித்த மல்லாட்டை வாங்கிக் கொறிக்கிறவர்களுக்குத் தெரியாத திருடன் ஒருவன் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கொல்லைகளில் நடமாடுகிறான். பெயர் 'டிக்கா'. பூஞ்சாணத்தால் வரும் இலைப்புள்ளி நோய். டிக்கா என்றால் இந்தியில் பொட்டு. இலைக்கு இலை பொட்டு வைத்துவிட்டுப் போவதால் இந்தப் பெயர்.

இதில் கூட்டாளிகள் இரண்டு பேர். விதைத்து ஒரு மாதத்தில் வருகிறவன் இலையின் மேல்பக்கம் பழுப்புப் புள்ளியும் மஞ்சள் வளையமும் போடுவான். காய் பிடிக்கும் நேரத்தில் வருகிறவன் கறுப்பாக, வட்டமாக, அடிப்பக்கத்தில் பதுங்குவான். இவன்தான் பெரிய ஆள்.

பழுப்பா? நோயா?

"இலை பழுத்துப்போச்சு, காய் முத்திப்போச்சு" என்று விவசாயி ஏமாறுவது இங்கேதான். புள்ளி விழுந்த இலை மஞ்சளாகி உதிரும். கடைசியில் குச்சிதான் நிற்கும். இலை இல்லாத செடியில் பருப்பு எப்படித் திரளும்? பிடுங்கும்போது விழுது அறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடும். முற்றவிட்டால் மகசூலில் பாதி வரை காலி. விற்பனைக் கூடத்துக்குப் போகிற மூட்டையும் குறையும், மாட்டுக்குக் கொடியும் இருக்காது.

விதைப் பெயரில் வரும் டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைத்தான் குறிக்கும். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் அவை. 1940-ல் வந்த டி.எம்.வி.2 நாடு முழுக்கப் பேர் வாங்கியது. அந்த ரகமே டிக்காவிடம் சுலபமாக மாட்டிக்கொள்ளும் என்பதுதான் வேடிக்கை!

பதுங்குமிடம்

போன போகத்துச் சருகிலும், தானாக முளைத்த செடியிலும்தான் பூஞ்சாணம் காத்திருக்கும். இரண்டையும் அப்புறப்படுத்த வேண்டும். அதே கொல்லையில் மறுபடி மல்லாட்டையே போடாமல் ஒரு போகம் கம்பு போடலாம்.

பூச்சி மருந்து அடிப்பது வீண் செலவு. பூஞ்சாணக் கொல்லிதான் கேட்கும். மேங்கோசெப் ஏக்கருக்கு 400 கிராம், தண்ணீர் 200 லிட்டர். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். புள்ளி கண்ணில் பட்டதுமே இலையின் அடியும் நனையும்படி அடிக்க வேண்டும். தேவைப்பட்டால் 15 நாள் கழித்து இன்னொரு முறை. இலையெல்லாம் கொட்டிய பிறகு டேங்கைத் தூக்கிப் பயனில்லை. அடிக்கிறவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். மருந்து பட்ட கொடியை உடனே மாட்டுக்குப் போடக்கூடாது.

அடிப்பக்கத்தில் கறுப்புக்குப் பதிலாக ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது துரு நோய். சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் காட்டலாம்.