முன்பணம் செலுத்துமுன்...

பெற்றோருக்கென முதியோர் இல்லம் தேர்ந்தெடுத்து, முன்பணத்துக்காக வைப்பு நிதியை முறிக்க வரும் வாடிக்கையாளரிடம் நாங்கள் முதலில் கேட்பது: "இருட்டிய பின் ஒருமுறை சென்று பார்த்தீர்களா?"

பளிங்குத் தரை பராமரிப்பின் அளவுகோல் அன்று. இரவுப் பணியில் எத்தனை பேர்? அழைப்பு மணி ஒலித்தால் எவ்வளவு நேரத்தில் வருகின்றனர்? மருந்துப் பதிவேடு அன்றன்றே எழுதப்படுகிறதா? படுக்கையிலிருப்போருக்குப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கின்றனரா? உணவு வேளையில், முன்னறிவிப்பின்றிச் சென்றால் விடை புலப்படும்.

முன்பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளை எழுத்தில் பெறுக. ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் எவரிடமும் ஒப்படைக்க வேண்டா. 70 வயது கடந்தோருக்கு இருப்பிடத்திலேயே வங்கிச் சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியுள்ளது. குறை நேர்ந்தால் தேசிய முதியோர் உதவி எண் 14567 உண்டு.

அனைத்துக்கும் முன், அங்கு வாழப்போகும் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டறிவோம்.