பாதுகாப்பு என்கிற ஒற்றைச் சொல்

1

தல்லாகுளம் தபாலாபீசில் ஒரு நண்பரோடு நின்றுகொண்டிருந்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கூடங்குளம் பற்றி ஒரு மனு போட அவருக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வேண்டியிருந்தது. பின்னால் நின்ற பெரியவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "அணு உலை விஷயமெல்லாம் ரகசியம் தம்பி. வெளியே சொன்னா நாட்டுக்குப் பாதுகாப்பு இல்லேல்ல?" நண்பர் திரும்பி, "சொல்லாட்டி நமக்குப் பாதுகாப்பாங்கய்யா?" என்றார்.

இந்த இரண்டு கேள்விகளிலும் வருகிற பாதுகாப்பு ஒன்றல்ல. முதலாவது, களவும் நாசவேலையும் நடக்காமல் உலையைக் காப்பது. இரண்டாவது, உலையிலிருந்து மனிதர்களைக் காப்பது. ஆங்கிலத்தில் செக்யூரிட்டி, சேஃப்டி என்று பிரிந்து கிடக்கும் இரண்டையும் தமிழில் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். சொல் பிரிந்து கிடந்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நம் சட்டம் என்ன செய்தது? இரண்டையும் ஒரே பூட்டுக்குள் போட்டது. எனவே இது மொழியின் குறையல்ல, அதிகாரத்தின் வசதி.

2

இந்தப் பூட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948இல் அணுசக்தி மசோதா வந்தபோது, பிரிட்டனில் ராணுவக் காரியங்களுக்கு மட்டும் இருக்கிற ரகசியம் இங்கே ஆராய்ச்சி முழுவதற்கும் ஏன் என்று அவையில் எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் கேட்டார். ஆக்கத்தையும் அழிவையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். பிரிக்கத் தெரியாததால் எல்லாமே ரகசியமாயிற்று. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இதை இன்னும் விரித்தது. இருக்கிற உலை, வரப்போகிற உலை, அது இயங்கும் விதம் என எதைப் பற்றிய ஆவணத்தையும், வரைபடத்தையும், புகைப்படத்தையும் மத்திய அரசு ஓர் உத்தரவால் தடுக்கலாம் என்றது.

ஏ. கோபாலகிருஷ்ணன் தலைவராக இருந்தபோது, 1995இல், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அணு நிலையங்களின் குறைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை தயாரித்தது. அதில் ஆயுத ரகசியம் தேடியவர் யாருமில்லை; எந்தக் குழாய், எந்தச் சாதனம் சரியில்லை என்பதுதான் கேள்வி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் அதைக் கேட்டு நீதிமன்றம் போனது. 2004 ஜனவரியில் உச்சநீதிமன்றம் 18ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அறிக்கை உள்ளேயே இருந்துவிட்டது.

3

சரி, மறைக்க வேண்டியதே எதுவுமில்லையா? இருக்கிறது. இங்கு நாம் அவசரப்படக் கூடாது.

'மிக ரகசியம்', 'ரகசியம்' என்று முத்திரை குத்திய கோப்புகளுக்கும் பத்திரிகைச் செய்திக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு உண்டு. காவலர் ஷிப்டு மாறும் நேரம், வாயில் பாஸ் மாதிரி, ஊழியர் தொலைபேசிப் பட்டியல், கம்ப்யூட்டர் இணைப்புகளின் வரைபடம், எரிபொருள் லாரி போகும் பாதை. இவற்றில் எதற்கும் முத்திரை இல்லாமல் போகலாம். சில்லறையாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துக் கோத்தால் சாவிக்கொத்து. அமெரிக்கா 1981இல் இதற்கென்றே தன் அணுசக்திச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தது. முத்திரையில்லாத, ஆனால் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டிய அணுத் தகவல் என்று அதற்குப் பெயர். தேவையான குறைந்தபட்சக் கட்டுப்பாடே கூடும் என்று அந்தப் பிரிவே எல்லையும் போட்டது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. குறைந்தபட்சம் என்ற சொல்லாவது சட்டத்தில் இருக்கிறது.

நம்மிடம் நடந்தது தலைகீழ். 2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்ததாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையம் மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை, தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலைப்பின்னலில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருந்தது உண்மை. செப்டம்பர் 4ஆம் தேதியே மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு தகவல் சொல்லியிருந்தது. உலை இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றது கழகம். இருக்கட்டும். ஆனால் நிர்வாகக் கம்ப்யூட்டரில் இருப்பதென்ன? நாம் மேலே சொன்ன சில்லறைகள்தான். மறைக்க வேண்டிய வகைத் தகவல் புழங்கும் இடத்தில் திருடன் நுழைந்தான். நுழைந்த செய்திதான் எட்டு வாரம் வெளியே வராமல் இருந்தது.

அதற்கு ஏழு வருஷம் முன்னால், அதே நிலையத்தின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையைப் போராட்டக்காரர்கள் கேட்டார்கள். கழகம் தர மறுத்தது. 2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையம், உலை தந்தவர்களின் வடிவமைப்பு ரகசியங்களை நீக்கிவிட்டு மற்றதைக் கொடு என்று உத்தரவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிற வழி இதுதான்: கொடுக்கக்கூடாததைப் பிரித்தெடு, மிச்சத்தைக் கொடு. 1948இல் பிரிக்கத் தெரியவில்லை என்று சொன்ன இடத்தில், 2012இல் பிரித்துக் காட்டினார்கள். கழகம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது.

4

மறைப்பின் விலை என்னவென்று 2011 மார்ச்சில் புகுஷிமா காட்டியது. கதிரியக்கம் எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்கும் ஏற்பாடு ஜப்பான் அரசிடம் இருந்தது. அதன் கணிப்பு மக்களுக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. நமியே ஊர்க்காரர்கள் தப்பிப்பதாக நினைத்துக் காற்று போன திசைக்கே போய்த் தங்கினார்கள். அந்தத் தகவலால் எந்தத் திருடனுக்கும் லாபமில்லை. தெரியாததால் நஷ்டப்பட்டவர்கள் குழந்தைகளோடு ஓடியவர்கள். கூடங்குளத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையில்லை.

எனவே ஒரு தகவலைப் பூட்டுமுன் கேட்க வேண்டியவை சில. இது யார் கையில் ஆயுதமாகும்? தெரியாமல் போனால் யார் சாவார்கள்? பூட்டியவர் யார், காரணத்தை எழுதி வைத்தாரா? எத்தனை நாளைக்கு? யாரிடம் முறையிடலாம்? இவற்றுக்குப் பதில் இல்லாத ரகசியம் நிறுவனத்தின் மானத்தைக் காக்கிறதே தவிர, உலையையும் காப்பதில்லை, ஊரையும் காப்பதில்லை.

இதே கேள்விகள் நமக்கும் உண்டு. நம் கைக்கு ஓர் ஆவணம் வந்தால், கிடைச்சிருச்சுங்கிற குஷியில் அப்படியே அச்சேற்றக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளி வாங்கிய கதிரியக்க அளவு வெளியே வர வேண்டும்; அவர் பெயர் வந்தால் அவர் வேலை போகும். காவல் வரைபடம் நம் வாதத்துக்கு எதையும் கூட்டாது. கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் கையெழுத்து, கோப்பு எண் எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிரித்துக் கொடு என்று அரசிடம் கேட்கிறவர்கள் முதலில் பிரிக்கப் பழக வேண்டும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் அணு உலைக்குள் தனியார் கம்பெனிகளை அழைக்கிறது. 'கட்டுப்படுத்தப்பட்ட தகவல்' என்று அரசு அறிவிப்பதைத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு எட்டாத இடத்திலும் வைக்கிறது. நாட்டு ரகசியத்தோடு வியாபார ரகசியமும் இனி அதே பூட்டுக்குள் போகலாம். அந்தப் பெரியவரின் கேள்விக்கும் நண்பரின் கேள்விக்கும் நடுவே உள்ள கோட்டை யார் போடுவது என்பதே இன்றைய அரசியல். மனுவில் கேட்க வேண்டியது ஆவணத்தை மட்டுமல்ல. பூட்டிய காரணத்தையும் சேர்த்துக் கேட்போம்.