கருப்பு வெள்ளைப் படத்திற்கு ஏற்ற மை

ஊரை விட்டு வரும்போது பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த கருப்பு வெள்ளைப் படங்கள் நம் வீடுகளில் இரண்டொன்றாவது இருக்கும். தாத்தா பாட்டி கலியாணப் படம், வாசல் திண்ணையில் எடுத்த குடும்பப் படம் இப்படி. அவை மஞ்சளித்துப் போகவே, பிள்ளைகள் ஸ்கேன் செய்து புதுப் பிரதி போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சில வருஷங்களில் அந்தப் பிரதி பச்சையடித்தோ சிவப்பேறியோ போய்விடுகிறது. பழைய படமே தேவலை என்று ஆகிவிடுகிறது. கோளாறு பெரும்பாலும் மையில். காகித வியாபாரத்தில் இருப்பதால் இதைப் படித்தும், கையால் கலந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சாதாரண பிரிண்டரில் சாம்பல் நிறத்துக்கென்று தனி மை கிடையாது. நீலம், செந்நிறம், மஞ்சள் மூன்றையும் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது. ஆகவே டியூப்லைட்டில் ஒரு சாயல், வெயிலில் வேறொரு சாயல். அதிலும் வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது நீரில் கரைந்த சாய மை. வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை அரிக்கும். மூன்று நிறமும் ஒரே வேகத்தில் வெளுக்காது. எது தங்குகிறதோ அதன் சாயல் முகத்தில் ஏறும்.

கரி அப்படி வெளுப்பதில்லை. குஜராத்தில் பாட்டன் நகரத்து ஞானபண்டாரங்களில் பல நூற்றாண்டுப் பழைய ஏடுகளின் எழுத்து இன்றும் கருகருவென்று இருக்கிறது. அது விளக்குக் கரியும் பிசினும் சேர்ந்த மை. நம் பனையோலையில் எழுத்தாணி கீறிய இடத்தில் தேய்த்ததும் கரிதானே!

அந்தக் கரியை நுண்துகளாக்கி பிரிண்டர் மையாகவும் செய்கிறார்கள். இதை நிறமி மை என்பர். ஆனால் கருப்பு ஒன்றை மட்டும் வைத்து வெளிறிய முகத்தை அச்சிட்டால் மிளகு தூவினாற்போல் புள்ளி தெரியும். அதே கருப்பை நீர்க்கச் செய்து சாம்பல்களாக நிரப்பினால் புள்ளி மறையும். அமெரிக்காவின் ஜான் கோன் 2000ஆம் ஆண்டில் பீசோகிராபி என்ற பெயரில் இத்தகைய மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2005இல் எப்சன் நிறுவனமே மூன்று அடர்த்திகளில் கருப்பு வைத்த கே3 மையை வெளியிட்டது. கலிபோர்னியா புகைப்படக்காரர் பால் ரோர்க் ஒரு படி மேலே போய், கரி மையை நாமே கலக்கும் செய்முறைகளை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார்.

நான் கலக்கும் விதம் இது. டிஸ்டில்ட் வாட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு கிளிசரின், பிலிம் கழுவப் பயன்படும் போட்டோஃப்ளோ சில துளி. இதுதான் அடிநீர். 30 மில்லி கரி மைக்கு 70 மில்லி அடிநீர் நடுச் சாம்பல். 9 மில்லிக்கு 91 மில்லி வெளிர் சாம்பல். சிரிஞ்சால் அளக்க வேண்டும், கண்ணளவு உதவாது. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. இந்தியன் இங்க் என்று கடையில் விற்பதை ஊற்றினால் அதிலுள்ள அரக்கு துவாரத்தை அடைத்துவிடும். சாய மையோடு நிறமி மையைக் கலந்தால் கட்டி தட்டலாம்.

பிரிண்டர் இதை வண்ண மை என்றே நினைக்கும். எந்த அறையில் எந்தச் சாம்பல் என்று அதற்குச் சொல்ல, ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளும், அதற்கு ஒத்துவரும் எப்சன் பிரிண்டரும் தேவை. பழைய பிரிண்டர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் எடுக்கும் மெஷினில் கை வைக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

தாள் பருத்தித் தாளாக, மை நிற்கும் பூச்சுள்ளதாக, வழுவழுப்பில்லாததாக இருக்கட்டும். பூச்சில்லாத கைத்தாளில் மை உள்ளே இறங்கிக் கருப்பு மங்கிவிடும். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளில் வெளிரூட்டும் ரசாயனம் இருக்கும். அது தேய்ந்ததும் தாள் மஞ்சளாகும். நீர்த்த கரி சற்றுப் பழுப்பாகத் தெரியும். பழைய குடும்பப் படத்துக்கு அதுவே அழகு என்பது என் அபிப்பிராயம். வேண்டாதவர்கள் சாம்பலில் துளி நீல நிறமி சேர்க்கலாம்.

கலக்க முடியாதவர்கள் ஸ்டூடியோவில் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: மை நிறமி மையா, கருப்பு மட்டும் எத்தனை அடர்த்தி? அச்சானதை ஒரு நாள் உலர விட்டு, கண்ணாடி மேலே ஒட்டாதபடி அட்டை இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். இந்த மை விரல் பட்டால் தேயும்.