கொல்லாத 'கொல்லி' செல்களுக்குக் கட்டணச் சோதனை

புது தில்லி: செயற்கைக் கருத்தரிப்பு இரண்டு, மூன்று முறை பலிக்காமல் போன பெண்களிடம், அவர்களது ரத்தத்தில் 'இயற்கைக் கொல்லி' செல்கள் மிகுந்திருப்பதாகவும், அவையே கருவைத் தாக்குவதாகவும் கூறும் வழக்கம் நாட்டின் சில கருத்தரிப்பு மையங்களில் உள்ளது. அதையடுத்து ஸ்டீராய்டு மாத்திரையோ, நரம்பு வழியே கொழுப்புக் கரைசலோ தரப்படுகிறது. செலவு தம்பதியரின் தலையில்.

பெயரே இங்கு பாதி அச்சத்தை உண்டாக்கிவிடுகிறது. ரத்தத்தில் உள்ள கொல்லி செல்கள் வைரஸ் தொற்றிய செல்களையும் புற்றுநோய் செல்களையும் அழிப்பவை. கருப்பையில் உள்ளவை குணத்தில் வேறானவை. மாதந்தோறும் கருமுட்டை வெளியான பின், புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் தூண்டுதலால் கருப்பை உட்சுவரில் இவை பெருகுகின்றன. கரு தங்கினால், தொடக்க மாதங்களில் அங்குள்ள வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவையே. தாயின் சுருள் ரத்தக் குழாய்கள் அகன்று, கருவுக்குத் தாராளமாக ரத்தம் பாய்வதில் இவற்றுக்குப் பங்குண்டு. கரு தங்காவிடில் அந்த ஹார்மோன் குறைகிறது. பிற வெள்ளையணுக்கள் திரண்டு, உட்சுவர் உதிரவும் பின்னர் அது ஆறவும் துணைபுரிகின்றன. மாதவிலக்கு என்பதே ஒருவகையில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான்.

ஆகவே, கையில் எடுத்த ரத்தம் கருப்பையின் நிலையைச் சொல்லிவிடாது. இச்சோதனைகளையும் இவற்றை ஒட்டிய சிகிச்சைகளையும் வழக்கமாகப் பரிந்துரைக்க இயலாது என்று மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பிய மருத்துவச் சங்கம் 2023-இல் கூறியது.

இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) மசோதா 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. அப்போது தனித்து வாழும் ஆண்களும் ஒருபாலின இணையரும் விலக்கப்பட்டதை உறுப்பினர்கள் சிலர் கண்டித்தனர். யாருக்குச் சிகிச்சை என்ற கேள்வி பெற்ற கவனத்தை, சிகிச்சை என்ற பெயரில் எது விற்கப்படுகிறது என்ற கேள்வி பெறவில்லை.

எனினும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின் 21-வது பிரிவு, வெற்றி வாய்ப்பு, சாதக பாதகங்கள், செலவு, பக்க விளைவுகள் ஆகியவற்றைத் தம்பதியருக்கு விளக்கியாக வேண்டும் என மையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. சட்ட மீறல் குறித்த புகார்களை விசாரிக்கும் அதிகாரம், மையங்களைப் பதிவு செய்யும் மாநில அதிகார அமைப்புகளிடமே உள்ளது.