எலுமிச்சையில் 'ரத்தம்'!

குட்டீஸ்! லீவுக்குப் பொம்மிடியில் உள்ள மாமா வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். வாண்டுகள் எல்லாம் சூழ்ந்துகொண்டு, "ஏதாவது வித்தை காட்டு" என்கிறார்கள். கவலை வேண்டாம். செம்பருத்திப் பூ, எலுமிச்சம்பழம், கத்தி... இவை போதும்!

யாரும் பார்க்காதபோது, சிவப்புச் செம்பருத்தி இதழ்களைக் கசக்கி, கத்தியின் இரண்டு பக்கமும் தேய்த்துக் காய விடுங்கள். (கத்தி வேலைக்குப் பெரியவர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.) பிறகு எல்லார் முன்னாலும் "சூ... மந்திரக்காளி!" சொல்லுங்கள். பெரியவர் பழத்தை அறுக்கட்டும். சாறு சிவப்பாக வழியும், ரத்தம் மாதிரியே!

எப்படி? செம்பருத்தியில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது. கத்தியில் காய்ந்ததும் மங்கலாகத் தெரியும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பட்டதும் பளிச்சென்று சிவந்துவிடும்.

இதே வித்தையைக் காட்டி, "உங்களுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களும் உண்டு. உஷார்!

யாழ்ப்பாணத்தில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர் ஆபிரகாம் கோவூர். ஏமாற்ற வழியில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை யாருமே அதை வெல்லவில்லை!

வித்தை முடிந்ததும், ரகசியத்தையும் வாண்டுகளுக்குச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு இந்த எலுமிச்சையைக் காட்டி அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது, இல்லையா?